மக்குப் பிள்ளை என்று யாரைச் சொல்கிறார்கள்?

"இவன் தலையில் எதுவும் ஏறாது, ஏதாவது வேலைக்கு அனுப்புங்கள்." பள்ளிக்கூட வாசலில் இந்த வார்த்தையைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பிய தாய்மார்கள் நமது குடும்பங்களில் அநேகம். பணக்கார வீட்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறினால் நிபுணரிடம் அழைத்துப் போகிறார்கள். கூலிக்காரன் பிள்ளை திணறினால் மக்கு!

1896ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில டாக்டர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, கணக்கில் பிரியம், கண்ணிலும் கோளாறில்லை. எழுத்து மட்டும் படிக்க வராது. இன்று இதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். இது சோம்பலுமல்ல, வளர்ப்புக் குற்றமுமல்ல. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம். எழுதுவதில், கணக்கில் வரும் சிரமங்களும் உண்டு.

இதற்கு மாத்திரை கிடையாது. 'மூளை டானிக்' விற்பவனிடம் ஏமாற வேண்டாம்! முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பிறகு ஒலி ஒலியாக, எழுத்து எழுத்தாக, மணலிலும் விரலாலும் எழுதிக் காட்டி, தினமும் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். சிகிச்சை என்பதே இந்தப் போதனைதான். எட்டு வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வது கடினமென்றாலும், பேச்சு தாமதித்தாலோ, இரண்டாம் வகுப்பிலும் எழுத்துகள் பிடிபடாவிட்டாலோ அப்போதே உதவியைத் தொடங்கலாம். தாமதித்தால் பாடம் மலைபோல் குவியும். பிள்ளை பள்ளியை விட்டு ஓடும்.

சட்டம் இல்லாமலில்லை. 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. 16வது பிரிவு அதைச் சீக்கிரம் கண்டறியச் சொல்கிறது. 17வது பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. 2013ல் வந்த சிறார் நலத் திட்டத்தின்படி டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். ஜில்லாவுக்கு ஒரு சிகிச்சை மையமும் வேண்டும்.

ஜில்லாவுக்கு ஒன்று! அத்திப்பட்டிலிருந்து ஜில்லாத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் போவதென்றால், பேசின் பாலம் வரை வந்து வண்டி மாற வேண்டும். பிள்ளையோடு போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. வாராவாரம் போக வேண்டுமானால் அடுப்பு எரியுமா? பயிற்சியை மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் கொண்டுவருவதுதான் நியாயம். பள்ளிகளுக்குச் சென்று இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்களோ தொகுப்பூதியத்தில் உழன்று, பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கோரிக்கை நமது கோரிக்கையும்தான்.

இன்னொரு விஷயத்தை ஆலைத் தொழிலாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலைகள் உண்டு. ஈயத்தூசி உடுப்போடு வீட்டுக்கு வந்து குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எல்லாக் கற்றல் சிரமத்துக்கும் ஈயமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இது தடுக்கக்கூடியது. ஆலையிலேயே குளிக்கவும் உடுப்பு மாற்றவும் வசதி வேண்டும். முதலாளி செலவில் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கிராம சபை கூடும் ஊர்களில் நமது தோழர்கள் எழுந்து கேட்கட்டும்: அங்கன்வாடிக்கு டாக்டர் குழு கடைசியாக வந்தது எந்தத் தேதி? எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார்கள்? மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்? பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.