சொகுசு டூருக்கு பீட்டர்ஸ்பர்க் எதுக்கு? கானாடுகாத்தான் போங்க!

ஆவடிக்காரங்களுக்கு ரஷ்யான்னா முதல்ல ஞாபகம் வர்றது டாங்க்தான். டி-72, டி-90 எல்லாம் நம்ம ஏரியா கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் உருவாச்சு. இப்போ எங்க கிளாஸில் புதுசா ஒரு ரஷ்ய மோகம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 2023 ஆகஸ்டிலிருந்து நமக்கு இ-விசா உண்டே, அதனால் "வேலை கிடைச்சதும் நாலு நாள், அரண்மனை, ஃபைவ் ஸ்டார் ரூம்" என்று ஒரு கும்பல் கிளம்பியிருக்கு. (2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு கம்பெனிகள் ரெண்டும் அங்கே சேவையை நிறுத்திட்டதால் நம்ம ஊர் கார்டு செல்லாது. கையில் காசோட போங்க மக்களே :-))

சொகுசா ஊர் சுத்துறது தப்புன்னு சொல்ல நான் வரலை. சம்பாதிச்ச காசு, அனுபவிக்கட்டும். ஆனா காமர்ஸ் படிக்கிறவன் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தக் காசு போய் எதைக் காப்பாத்துது?

பீட்டர்ஹாஃப் அரண்மனை இரண்டாம் உலகப் போரில் சிதைஞ்சு போச்சு. அரசாங்கமே அதைத் திரும்பக் கட்டிச்சு. அங்கே நீங்க போகலைன்னாலும் அது நிக்கும். செட்டிநாட்டு வீடுகளுக்கு அப்படி யாரும் இல்லை. பர்மாவில் வட்டிக்கடை நடத்தி, பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் இறக்கிக் கட்டின வீடுகள் அவை. 1930களின் மந்தம், 1942 ஜப்பான் படையெடுப்பு, அப்புறம் பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கிட்டது என்று வருமானம் அடியோடு போனது. வீடு மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஓடு மாத்தக்கூட எல்லாரும் ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா கடைசியில் தூணும் நிலையும் தனித்தனியா கழண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைக்கு வந்துடும். 2014இல் யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு ஏறியது உண்மைதான். பட்டியல் ஒழுகுற கூரையை அடைக்காதே!

அடைக்கிறது ரூம் வாடகைதான். காரைக்குடி 'பங்களா' 1999இல் ஹோட்டலாச்சு. கானாடுகாத்தான் 'விசாலம்', ஒரு செட்டியார் தன் மகளுக்காகக் கட்டின வீடு. இப்படி ஒரு வீடு ஹோட்டலானா ஆசாரிக்கு வேலை. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் கலர் ஊத்திக் கையால் டைல்ஸ் போடுறவங்களுக்கும் ஆர்டர். வாடகை அதிகம்னு முணுமுணுக்கிறவங்க இதையும் கணக்கில் சேர்க்கணும்.

எனக்குக் கோபம் வாடகை மேல் இல்லை, வரி மேல். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல் 18. அதாவது 7,500க்கு வரி 375 ரூபாய், 10,000க்கு 1,800! கண்ணாடிக் கட்டிட ஹோட்டலுக்கும் நூறு வருஷ வீட்டுக்கும் ஒரே தராசு. "5க்கு வந்தா இன்புட் கிரெடிட் போயிடுமேடா" என்று நம்ம கிளாஸ் மேதைகள் கேப்பீங்க. நியாயம்தான். ஆனா ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன ஆசாரிக்கும் பட்டறைக்கும் கொடுக்கிற காசில் கிரெடிட் எங்கேயிருந்து வரும்? இந்த மாதிரி வீடுகளின் பராமரிப்புச் செலவில் அந்தக் கூலிதானே பெருசு? அதனால் புதுப்பிச்ச பழைய வீடுகளுக்கு மட்டும் வாடகை எவ்வளவானாலும் 5 சதவீதம்னு வைக்கலாம் என்பது என் கட்சி.

ஹோட்டல்காரங்க கிட்டேயும் ஒண்ணு கேக்கணும். ராத்திரி தங்க எங்களுக்கு வக்கில்லை, சரி. வார நாளில் ஸ்டூடண்ட் ரேட்டில் ஒரு இலைச் சாப்பாடு போட்டு வீட்டையும் சுத்திக் காட்டினா என்ன? பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரைக்கும்தான் போகுது, நாங்க வந்துடுவோம்.

பீட்டர்ஸ்பர்க் கும்பல் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம் :-)