‘சென்னை வெயிலையே பார்த்தவங்க நாம’ என்ற மிதப்பு

ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வசனம் உண்டு. “அப்படியே நம்ம மெட்ராஸ் மாதிரியே இருக்குங்க!” அதே புழுக்கம், அதே கசகசப்பு. ஆண்டு மழையும் ஏறக்குறைய அதே 50 அங்குலக் கணக்குதான்.

இந்த ஒற்றுமைதான் நம்மை அசட்டையாக இருக்க வைக்கிறது என்பது என் கருத்து.

சென்னைக்குப் பெருமழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். இங்கே மழைக்கு மாதக் கணக்கே கிடையாது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு. 2021 பிப்ரவரியில் இதே ஊர் மைனஸ் 10 டிகிரி வரை உறைந்து, குழாய்கள் வெடித்ததையும் பார்த்தோம்.

வெயிலுக்கு வருவோம். 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது 45 டிகிரி போல. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது எங்கே காயும்! ஊரில் திண்ணை, ஜன்னல், மொட்டை மாடி என்று காற்றுக்கு வழி இருந்தது. இங்குள்ள வீடுகளோ ஏ.சி.யை நம்பிக் கட்டியவை. கரண்ட் போனால் வீடே அடுப்புதான்.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் வந்தது. முதல் வகைப் புயல்தான். ஆனாலும் 20 லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் போயின. பல வீடுகளில் நாள் கணக்கில் இருட்டு. காற்றுக்குத் தப்பியும், பிறகு வந்த வெப்பத்தில் இறந்தவர்கள் உண்டு.

பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை நினைத்துப் பாருங்கள். வண்டி ஓட்டத் தெரியாது, எச்சரிக்கை வருவதோ ஆங்கிலத்தில். “எங்களுக்கு வெயில் புதுசா?” என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எனவே மூன்று வேண்டுகோள். ஒன்று, வெள்ளக் காப்பீடு. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீடு அமலுக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். புயல் கிளம்பியபின் ஓடிப் பயனில்லை. 2017 ஹார்வி வெள்ளத்தில், ‘அபாயப் பகுதி’ என்று வரைபடத்தில் குறிக்காத இடங்களிலும் வீடுகள் மூழ்கின. இரண்டு, ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

மூன்றாவதுதான் முக்கியம். பொங்கல் விழாவுக்கு டிக்கெட் விற்க நம் சங்கங்களிடம் போன் நம்பர் பட்டியல் இருக்கிறது. கரண்ட் போன நாளில் அதே பட்டியலை எடுத்து, “ஐயா, வீட்ல கரண்ட் இருக்கா? இல்லன்னா எங்க வீட்டுக்கு வாங்க” என்று யாராவது கூப்பிட வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இந்த வேலையைக் கையில் எடுத்தால் இன்னும் நல்லது. எச்சரிக்கையை ஆங்கிலத்தில் படித்து, தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்ல அவர்களால் முடியும்.

அடுத்த புயலுக்கு முன்பே அந்தப் பட்டியலைத் தயாராக எடுத்து வைப்போமா?