வெளிநாட்டு வேலைக்கான காசநோய்ப் பரிசோதனை: ‘தகுதியற்றவர்’ என்றால் என்ன பொருள்?

பசுவந்தனை, கோவில்பட்டி வட்டாரங்களின் மானாவாரிக் கரிசல் நிலத்தை மட்டும் நம்பி வாழ இயலாத குடும்பங்கள் பலவற்றிற்கு வெளிநாட்டு வேலை ஒரு வழியாக உள்ளது. அதற்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றிற்கான இரத்தப் பரிசோதனைகளும் செய்யப்படுகின்றன. பிரிட்டனில் ஆறு மாதத்திற்கு மேல் தங்கச் செல்லும் இந்தியர் காசநோய்ச் சான்றிதழ் பெற வேண்டும்.

எக்ஸ்ரே நுரையீரலில் உள்ள நிழலையே காட்டும். அது தற்போதைய நோயா, குணமடைந்த நோயின் தழும்பா என்பதை அதனால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. பிரிட்டன் விதிகளின்படி ஐயமுள்ளவருக்குச் சளிப் பரிசோதனை செய்யப்படுகிறது. கிருமி வளர்ப்பு முடிவு வரச் சுமார் இரண்டு மாதங்கள் ஆகலாம். வளைகுடா விதிகளிலோ பழைய தழும்பும் நிராகரிப்புக்குக் காரணமாகலாம். எனவே, ‘தகுதியற்றவர்’ என்பது விசா குறித்த முடிவு. நோய் குறித்த இறுதி முடிவு அன்று.

நிராகரிக்கப்பட்டவர் வீடு திரும்பி, செய்தியை மறைப்பதே பெரும் ஆபத்து. நோய் இருந்தால் அது குடும்பத்தினருக்கும் பரவும். ஆகவே எக்ஸ்ரேயுடன் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கோவில்பட்டி அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பெரும்பாலானோருக்கு ஆறு மாதச் சிகிச்சை போதுமானது. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. உடன் வசிப்போரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை:

• கடன் வாங்குவதற்கும் முகவரிடம் பணம் செலுத்துவதற்கும் முன்பே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

• முன்பு சிகிச்சை பெற்றிருந்தால், சிகிச்சை முடித்த சான்றையும் பழைய எக்ஸ்ரேக்களையும் பாதுகாத்து வையுங்கள். நிழல் மாறவில்லை என்பதை மருத்துவர் அறிய அவை உதவும்.

• வேறொருவரின் எக்ஸ்ரேயைக் காட்டாதீர்கள். வளைகுடா நாடுகளில் சென்றிறங்கிய பின்னரும் பரிசோதனை உண்டு. அப்போது கடனுடன் திரும்ப நேரிடும்.

• பயணத்திற்காகச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறக்கூடும்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் விசாவுக்காகக் காத்திராமல் இன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள். காசநோய் உதவி எண்: 1800 11 6666. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.