ஓட்டுக்கு அடியில் நுரை அடிக்குமுன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் என் உறவுகளுக்கு,

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். மாசி, பங்குனியில் வார்ப்பு வீட்டின் மாடியறையில் படுக்க முடியாது என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அதற்குத் தீர்வாக ஸ்பிரே ஃபோம் எனப்படும் பாலியூரித்தேன் நுரையைக் கூரைக்கு அடியில் அடிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவே இந்த மடல். வெளிநாட்டில் அடிக்கிறார்களே என்பதுதான் இதற்கு முதலில் சொல்லப்படும் காரணம். அந்த வெளிநாட்டில் இருந்துகொண்டே சொல்கிறேன்: நம் ஊர் வீட்டுக்கு அது பொருந்தாது.

நுரை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட அது கடத்தாது. ஆனால் இங்கே குளிர்காலத்தில் வெளியே பூஜ்ஜியம் டிகிரி, உள்ளே இருபது. காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை வீட்டுக்குள் பிடித்துவைக்கத்தான் இவர்களுக்கு நுரை. நம் வீட்டின் தேவை நேர்மாறு. பகல் முழுக்க வெயில் குடித்த வீடு அந்தியானதும் சூட்டை வெளியே விட்டாக வேண்டும். வார்ப்பின் அடியில் நுரை அடித்தால், வார்ப்பு வெயிலில் காய்வது குறையாது. அடுப்பின் சூடும் ஆட்களின் சூடும் மேலே போக வழியில்லாமல் அறைக்குள் தங்கும். சன்னலைப் பூட்டி ஏசி போடுகிற அறைக்கு மட்டுமே கணக்கு வேறு. அங்கேயும் காப்பு வார்ப்பின் மேல்பக்கம் இருப்பதே முறை. நுரை வெயிலில் உதிரும் என்பதால் அதன் மேல் சாந்துப் பூச்சும் வேண்டும்.

ஓட்டு வீடுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே நூல்நூலாக வெளிச்சம். அந்த இடுக்கு வழியாகத்தான் சூடான காற்று வெளியேறுகிறது. இடவப்பாதி மழையில் ஊறிய கழுக்கோலும் பட்டியலும் உலர்வதும் அதனால்தான். நுரை அந்த இடுக்கை அடைத்து, ஓட்டையும் மரத்தையும் ஒரே கட்டியாக ஒட்டிவிடும். பிறகு உடைந்த ஒரு ஓட்டை மட்டும் தனியே மாற்ற முடியாது. கழுக்கோலில் சிதல் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்து கற்ற பாடமும் இதுதான். கூரை மரத்தைச் சோதிக்க வழியில்லை, உள்ளே ஈரம் தங்கி உளுத்திருக்கலாம் என்பதால், நுரை அடித்த வீட்டை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. விற்க முடியாமல் காசு செலவழித்து நுரையைச் சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. வார்ப்பு வீட்டிலும் இதே ஆபத்துதான். ஒழுக்கு இருந்தால் இன்று உத்தரத்தில் கறை தெரியும், ஆளைக் கூப்பிடுவோம். நுரை அந்தக் கறையை மறைக்கும். கம்பி துருப்பிடித்துக்கொண்டே போகும்.

பத்து வருட உத்தரவாதம் தருகிறார்களே என்பீர்கள். அந்தத் தாளில் நுரைக்கு உத்தரவாதம் உண்டா, கழுக்கோலுக்கும் கம்பிக்கும் உண்டா என்று படித்துப் பாருங்கள். தீயையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் வீட்டுக்குள் இந்த நுரையைத் திறந்தபடி விட விதி அனுமதிப்பதில்லை. பொதுவாக அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடவேண்டும். அடிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது.

அப்படியானால் சூட்டுக்கு என்ன வழி? வெயிலை வார்ப்பில் விழவிடாமல் தடுப்பதுதான். மாடிக்கு மேல் கம்பிச் சட்டம் கட்டி ஷீட் போடுவது நம் ஊரில் தெரிந்த வேலைதான்; இரண்டு பக்கமும் காற்றுப் போக வழிவிட்டால் ஷீட்டின் சூடு அதிகம் கீழே இறங்காது. வெள்ளைப் பூச்சும் நல்லது. தெலங்கானா 2023-இல் அதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. ஆனால் இரண்டு பருவமழை பெய்யும் நம் ஊரில் பாசி பிடிக்கும். தேய்த்துக் கழுவி மறுபடி பூசவேண்டியிருக்கும். ஷீட்டுக்குச் செலவு கூடுதல்தான். அதற்குப் பதில் அடியில் துணி காயப்போடலாம், நெல்லும் மிளகும் உணக்கலாம், ஒழுக்கும் நிற்கும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் முறையைக் கேட்டுப் பாருங்கள். வார்ப்பின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து வார்ப்பார்கள். சிமெண்டும் மிச்சம், ஓடுகளுக்கு நடுவே உள்ள காற்று சூட்டையும் தடுக்கும். அவர் 1985-இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் நிறுவனம் இன்றும் கேரளத்தில் இந்த வேலையைச் செய்கிறது. நுரைக்கு முன்பணம் கொடுக்குமுன் அவர்களிடம் ஒருமுறை விசாரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்