இருபத்தைந்தாயிரமும் பத்தாயிரம் கோழியும்

பத்தாயிரம் கோழி வைத்திருப்பவரை நாமக்கல்லில் யாரும் பெரிய பண்ணைக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். பத்தாயிரத்துக்கு ஒரு டன்னைத் தாண்டும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்த்து அரைத்த தீவனம் கிலோ 25 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் 27,500 ரூபாய் காலி. கோழியிடம் கடன் சொல்ல முடியாது. ஒரு நாள் தீவனம் தட்டினால் மறுநாள் தட்டில் முட்டை குறையும்.

2020 நவம்பர் 17, தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் மாலை, லட்சுமி விலாஸ் வங்கியில் பணம் போட்டவர்கள் டிசம்பர் 16 வரை மொத்தமாக 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வைத்தியம், படிப்புச் செலவு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒரு மாதத்துக்கு அனுமதித்த அந்தத் தொகை, மேலே சொன்ன பண்ணைக்கு ஒரு நாள் தீவனத்துக்கே பற்றாது. லாரிக்காரர் கணக்கும் வேறல்ல. டீசல் அன்று லிட்டர் 76 ரூபாயை ஒட்டி இருந்தது. ஒரு டேங்க் நிரப்பினால் மாத ஒதுக்கீடு முடிந்தது.

மோகனூரில் நின்று பார்த்தால் காவிரிக்கு அந்தக் கரை வாங்கல், அதைத் தாண்டினால் கரூர். 1926-இல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரும் ஆறு வணிகர்களும் அங்கே தொடங்கிய வங்கி இது. இருந்திருந்தால் 2026-இல் நூறு வயது. ஊர் வியாபாரிகள் சேர்ந்து, ஊர் வியாபாரிகளுக்காக நடத்திய வங்கி. கடைக்காரரையும் தறிக்காரரையும் முகம் பார்த்துக் கடன் கொடுத்தவரை அது நன்றாகத்தான் ஓடியது. பிறகு பெரிய கம்பெனிகளின் பின்னால் போனது. ஜெட் ஏர்வேஸ், காக்ஸ் அண்ட் கிங்ஸ் என்று வராக்கடன் பட்டியலை அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் வாசித்தபோது, அதில் கரூர்க்காரர் பெயரையோ நாமக்கல்காரர் பெயரையோ காணோம்.

சரிவு ஓர் இரவில் வந்ததல்ல. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த மாதமே, இந்தியாபுல்ஸ் ஹவுசிங் பைனான்ஸோடு சேரும் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. 2020 செப்டம்பர் 25 அன்று பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களை ஒரே மூச்சில் வாக்களித்து வெளியே அனுப்பினார்கள். இவ்வளவும் நடக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. கடைசிக் கட்டத்துக்குத்தான் அத்தனை அவசரம். 17-ஆம் தேதி மாலை தடை. அன்றே, சிங்கப்பூர் டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கும் வரைவுத் திட்டம். ஆட்சேபணை இருந்தால் 20-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் சொல்ல வேண்டும். 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல். 27-ஆம் தேதி இணைப்பு. 94 ஆண்டு வங்கியின் கதை பத்தே நாளில் முடிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். சுமார் 20 லட்சம் வைப்பாளர்களின் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. ஏறக்குறைய 4,000 ஊழியர்களின் வேலையும் அதே சம்பளத்தில் தொடர்ந்தது. டி.பி.எஸ். 2,500 கோடி ரூபாயைக் கொண்டுவந்து போட்டது. போனது பங்குதாரர்களின் காசு. 2017 கடைசியில் உரிமைப் பங்கு என்று 122 ரூபாய் விலை வைத்து விற்றார்களே, அது மூன்றே ஆண்டில் பூஜ்யம். பங்கு என்றால் நட்டமும் உண்டுதானே என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்டுதான். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் மும்பையின் யெஸ் வங்கி கவிழ்ந்தபோது ஸ்டேட் வங்கி 6,050 கோடி ரூபாயோடு ஓடி வந்தது. பழைய பங்குகளில் பெரும்பகுதியை மூன்றாண்டு விற்க முடியாமல் பூட்டினார்களே தவிர, யாருடையதையும் அழிக்கவில்லை. எடுக்கும் பணத்துக்கு வைத்த உச்சவரம்பிலும் வித்தியாசம்: மும்பை வங்கிக்கு 50,000, கரூர் வங்கிக்கு 25,000.

ஏன் இந்த வித்தியாசம்? இதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். யெஸ் வங்கி கவிழ்ந்தபோது பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. கரூர் வங்கி முடிந்தபோது அவை கூடவே இல்லை. மழைக்காலத் தொடர் செப்டம்பர் 23-ஓடு முடிந்திருந்தது. குளிர்காலத் தொடரை கொரோனாவைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். உறுப்பினர்கள் மறுபடி உள்ளே போனது 2021 ஜனவரி 29-இல். அப்போதைய நாமக்கல் உறுப்பினர் ஏ.கே.பி. சின்ராஜ் தாமே கோழிப்பண்ணைத் தொழிலில் இருப்பவர். தீவனக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து கேட்க அவருக்கு அவைதான் இல்லை.

அவை கூடியிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்பது இன்னும் சங்கடமான விஷயம். 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுக்குப் பல் முளைத்தது. அதன்படி ரிசர்வ் வங்கி திட்டம் எழுதும், மத்திய அரசு ஒப்புதல் தரும், பிறகு அதன் நகலை இரு அவைகளின் மேசையிலும் வைக்க வேண்டும். வைத்தால் போதும். வாக்கெடுப்பு வேண்டாம், விவாதமும் வேண்டாம். 2008 செப்டம்பர் 29 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தை 228-க்கு 205 என்று முதலில் தோற்கடித்தது. நான்கு நாள் கழித்துத் திருத்தியதை ஏற்றது. அந்த நான்கு நாளில் பங்குச் சந்தை ஆட்டம் கண்டது உண்மை. யாருடைய பணம், எதற்கு என்று அந்த நாட்டு உறுப்பினர்கள் வெளிப்படையாகக் கேட்டதும் உண்மை.

அரசு வங்கி என்றால் கதை வேறு. சேலம், நாமக்கல் இரண்டுக்கும் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஊர்ப் பணத்தை விழுங்கிய கோபத்தில், அடுத்த ஆண்டு பிறந்தது அது. 1925-இல் தொடங்கிய சேலம் வங்கி 1960-களில் அதில்தான் கரைந்தது. 1995-96-இல் இந்தியன் வங்கிக்கு 1,336 கோடி ரூபாய் நட்டம். இதையும் யூகோ, யுனைடெட் வங்கிகளையும் இழுத்து மூடச் சொல்லி 1999-இல் தொழிலதிபர்கள் கூட்டமைப்பு ஒன்று அறிக்கை விட்டது. ஊழியர் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. அந்த வங்கிகளை ஆராய்ந்த வர்மா குழு மூட வேண்டாம் என்றது. கூடவே ஊழியர் செலவைக் குறைக்கவும் சொன்னது. அரசு முதலீடு போட்டது; ரஞ்சனா குமார் 2000-இல் தலைவராக வந்தார்; சங்கங்களும் விருப்ப ஓய்வு, கிளை இணைப்பு போன்ற கசப்புகளை விழுங்கின. 2007-இல் பங்குச் சந்தைக்குப் போகிற அளவுக்கு வங்கி எழுந்துவிட்டது. அன்று மூடியிருந்தால் சேலத்துக் கிராமத்தில் பயிர்க்கடன் கேட்டு நிற்பவர் எந்த வாசலுக்குப் போயிருப்பார் என்பதை அறிக்கை எழுதியவர்களிடம் இப்போது கேட்க முடியாது.

சங்கங்களுக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு என்று முகம் சுளிப்பவர்கள் எப்போதும் உண்டு. சுளிக்கக் காரணமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று 80-களில் கொடி பிடித்தவர்கள் இவர்கள். 2021 மார்ச் 15, 16 வேலைநிறுத்தம் இரண்டாம் சனி, ஞாயிறோடு ஒட்டிக்கொண்டு நாலு நாள் வங்கியைப் பூட்டியது. முட்டை வியாபாரியின் செக் அதுவரை தூங்கியது. கோரிக்கை நியாயமாகவே இருக்கட்டும், அவதிப்பட்டவர் கவுன்டருக்கு வெளியே நின்றவர்தான்.

ஆனாலும் பெரிய கேள்விகளை முதலில் அவைக்குள் கொண்டுபோனவர்களும் அவர்களே. அகில இந்திய வங்கி ஊழியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் பிரபாத் கர் 1957-லும் 62-லும் ஹூக்ளியிலிருந்து மக்களவைக்குப் போனார். 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆவதற்கு முன்பே அந்தக் கோரிக்கையை எழுப்பிவந்த சங்கம் அது. லட்சுமி விலாஸ் வங்கியை அந்நிய வங்கியிடம் கொடுக்காதீர்கள், அரசு வங்கியோடு சேருங்கள் என்று கேட்டதும் அதுவே. இரண்டு அரசு வங்கிகளைத் தனியாருக்குத் தர 2021 குளிர்காலத் தொடருக்குப் பட்டியலிட்ட மசோதா, டிசம்பர் 16, 17 வேலைநிறுத்தத்துக்குப் பின் அறிமுகமாகவே இல்லை. அந்தப் பெருமை முழுவதையும் சங்கத்துக்குக் கொடுக்க மாட்டோம். வேளாண் சட்டங்களை அரசு திரும்பப் பெற்று மாதம்கூட ஆகாத நேரம் அது.

அரசு வங்கிகளின் இயக்குநர் குழுவில் ஊழியருக்கு ஒரு நாற்காலி, அதிகாரிக்கு ஒரு நாற்காலி என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பல வங்கிகளில் அவை ஆண்டுக்கணக்காகக் காலி. எந்தக் கடன் எந்த வாசல் வழியாகப் போகிறது என்று உள்ளே உட்கார்ந்து பார்க்கிற ஆளை வெளியே நிறுத்திவிட்டு, அவன் வாசலில் நின்று கோஷம் போடுகிறானே என்று குறைப்பட்டு என்ன பயன்? 2016-17 முதல் 2020-21 வரை அரசு வங்கிகளுக்கு மத்திய அரசு போட்ட முதலீடு 3,10,997 கோடி ரூபாய். அதில் 2,76,000 கோடி கடன் பத்திரம். 2018 ஜனவரியில் 80,000 கோடி ரூபாய்ப் பத்திரத்துக்கு துணை மானியக் கோரிக்கையில்தான் மக்களவை ஒப்புதல் தந்தது. பண்ணைக்காரரும் லாரிக்காரரும் கட்டும் வரிதான் அந்தப் பத்திரங்களுக்கு வட்டி.

தனிநபர் மசோதாவுக்கென்று மக்களவையில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் ஒதுக்கியிருக்கிறார்கள். சேலம், நாமக்கல், கரூர் உறுப்பினர்கள் மூவரும் சேர்ந்து ஒன்றே ஒன்று கொண்டுவரட்டும். 45-ஆம் பிரிவின் கீழ் வரும் எந்தத் திட்டமும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்தில் விவாதத்துக்கு வர வேண்டும். ஆட்சேபணைக்கு மூன்று நாளுக்குப் பதில் முப்பது நாள் தர வேண்டும். அந்த நாள்களில் தொழில் செய்பவரின் நடப்புக் கணக்குக்குத் தனி வரம்பு வேண்டும், பத்தாயிரம் கோழிக்கு ஒரு மாதத் தீவனம் வாங்குகிற அளவுக்கு.