மக்காவில் விளையாத மக்காச்சோளம்

பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம், வேப்பந்தட்டை பக்கம் ஐப்பசியில் போனால் கரிசல் காடு முழுக்க மக்காச்சோளம்தான். அரியலூர் மாவட்டத்துக் கரிசலிலும் அதுவே நிற்கிறது. கோழித்தீவனத்துக்கு லாரி லாரியாகப் போகும் இந்தப் பயிரைப் பற்றி, படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் ஒரு தவறான எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. மக்காவிலிருந்து வந்ததால் மக்காச்சோளம், பெயரே அதற்குச் சாட்சி என்கிறார்கள். இந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தாலே பொய் வெளுத்துவிடும்.

இதே தானியத்தை இத்தாலியர் ‘துருக்கித் தானியம்’ என்ற பொருளில் கிரானோதுர்கோ என்கிறார்கள். துருக்கியரோ மிசிர் என்கிறார்கள். எகிப்து நாட்டுக்கும் அவர்கள் மொழியில் அதே பெயர். எகிப்தியர் ‘ஷாம் நாட்டுச் சோளம்’ என்று சொல்லிச் சிரியாவின் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியில் அது மஹிந்தி, அதாவது இந்தியாவுக்குரியது. இந்தியாவில் இருக்கும் நாம் மக்காவைக் கைகாட்டுகிறோம். பெயரை நம்புவதென்றால் ஒரே பயிர் ஐந்து நாடுகளில் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். தெலுங்கில் இது மொக்கஜொன்ன. மொக்க என்றால் அங்கே செடி. கன்னடத்தில் முசுகின ஜோள என்றும் சொல்வார்கள், முக்காடிட்ட சோளம் என்று பொருள். கதிரை மூடியிருக்கும் உறையைப் பார்த்து வைத்த பெயர் அது. இந்த இரண்டிலும் அரேபியாவுக்கு இடமே இல்லை.

எல்லாருமே அடுத்தவரைக் கைகாட்ட, யாருமே காட்டாத நாடு மெக்சிகோ. அதன் தென்பகுதியில், பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பயிரை மனிதர்கள் உருவாக்கினார்கள். 2002இல் வெளியான மரபணு ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. ஒவாஹாகா மாநிலத்துக் குகையொன்றில் 6000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கதிர்த்தண்டுகளும் கிடைத்திருக்கின்றன. 1492இல் கொலம்பஸ் போய்ச் சேர்ந்தபோது கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் சொன்ன ‘மஹிஸ்’தான் ஸ்பானியர் வாயில் மாயிஸ் ஆகி, ஆங்கிலத்தில் மெய்ஸ் ஆனது. மக்கா நகரமோ வறண்ட மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு. வேளாண்மைக்குப் பேர்போன இடமே அல்ல. நம் சொல் அந்த நகரத்தை வைத்தே பிறந்தது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், சரக்கு வந்த வழியைத்தான் அது சொல்லும், விளைந்த மண்ணைச் சொல்லாது. ஜெயங்கொண்டம் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் போனால் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. மணிலா இடையில் வந்த துறைமுகம்.

கல்லில் சான்று இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. கர்நாடகத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோமநாதபுரம் கேசவர் கோயிலில், சிற்பங்களின் கையில் இருப்பது மக்காச்சோளக் கதிரே, ஆகவே கொலம்பஸுக்கு முன்பே அது இங்கே இருந்தது என்று 1989இல் ஜோஹானஸன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் வாதிட்டார். இந்திய வேளாண் அறிஞர்கள் பாயக்கும் சச்சானும் 1993இல் அதை மறுத்து, அது முத்துகளால் ஆனதாகக் கற்பனை செய்யப்பட்ட முக்தாபலம் என்றார்கள். எனக்கு அவர்கள் பக்கமே நியாயமாகப் படுகிறது. அப்போது இங்கே விளைந்திருந்தால், கோயிலுக்கு அளந்த தானியங்களைக் கணக்காகப் பொறித்த கல்வெட்டுகளில் அது இடம்பெறாமல் போகுமா? இன்னொரு சாரார், மக்கா அயலூராக இருக்கலாம், சோளமாவது நம்முடையதுதானே என்பார்கள். அதுவும் ஆப்பிரிக்காவில், இன்றைய சூடான் பகுதியில் பயிரானது. நெடுங்காலத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டதால் நமக்குச் சொந்தமாகிவிட்டது.

எங்கே பிறந்தால் என்ன, விளைந்தால் சரிதானே என்பது கடைசியாக வரும் கேள்வி. அதற்கு 2018ஆம் ஆண்டே பதில் சொல்லிவிட்டது. கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர்க் காடுகளைச் சூறையாடியது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போலக் கழிவு, உள்ளே புழு. தலையில் கவிழ்த்துப் போட்ட ஒய் வடிவம், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளி. அதன் தாயகமும் மக்காச்சோளம் பிறந்த அதே அமெரிக்கக் கண்டம்தான். இதை மட்டுப்படுத்தி வைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் பல அங்கேயே இருக்க, புழு மட்டும் கடல் தாண்டி வந்துவிட்டது. மெக்சிகோ உழவர்கள் மில்பா என்ற முறையில் மக்காச்சோளத்தோடு பீன்ஸையும் பூசணியையும் சேர்த்தே விதைத்து வந்திருக்கிறார்கள். வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போடுங்கள், நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும் என்று நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வழிதான். வரப்போடு வரப்பாக மக்காச்சோளத்தை மட்டும் விதைத்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடும் நம் விவசாயிக்கு, இந்தப் பயிரோடும் புழுவோடும் பல தலைமுறையாகப் பழகிய அனுபவம் வேண்டுமானால் அது கிடைக்கும் இடம் அரேபியா அல்ல, ஒவாஹாகா.