94க்கு ஒரு புள்ளி குறைந்தால்

காசநோய் என்று உறுதியானதும் நோயாளியை உட்கார வைத்து ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். எடையும் உயரமும் முதலில். பிறகு கால்களை அழுத்தி, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார்கள். கடைசியாக, "ஐயா, எதையும் பிடிக்காம எந்திரிச்சு நில்லுங்க பார்ப்போம்" என்கிறார்கள். எல்லாம் சேர்த்துச் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்தில் ஒருவர் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாமா, இல்லை உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமா என்பது முடிவாகிவிடும்.

இது 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். மாநிலக் காசநோய்ப் பிரிவும், சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. பெரம்பலூர், அரியலூர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இதே அளவுகோல்தான். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குள் உடம்பு தளர்ந்துவிடுகிறது. அப்படித் தளரப்போகிறவர் யார் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

விதிகள் எளிமையானவை. எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் என்றால் எடை 33½ கிலோ. அதே பெண் 38 கிலோ இருந்தாலும், இரண்டு காலும் வீங்கியிருந்தால் ஆபத்துதான். நிமிடத்துக்கு மூச்சு 24ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனாலோ, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமல் போனாலோ அப்படியே. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இந்த விவரங்கள் 'டி.பி. சேவா' என்ற இணையச் செயலியில் ஏறுகின்றன. யாருக்கு ஆபத்து, அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா இல்லையா என்பதைப் பொறுப்பில் இருப்பவர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம். 2025இல் இதோடு ஒரு கணிப்பு முறையையும் சேர்த்தார்கள். ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் விவரங்களை வைத்து உருவாக்கப்பட்டது அது. கடுமையாக நோயுற்றவர் இறப்பதற்கான வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் வரை என்று அது சொல்கிறது. அவசரப்பட வேண்டியது யாருக்காக என்பது ஊழியருக்கு எண்ணாகவே தெரிந்துவிடுகிறது. மருத்துவம், பொறியியல், கணினி மூன்றும் ஓர் உயிருக்காக ஒன்றுசேர்வது என்றால் எனக்கு இதுதான் உதாரணம். இதில் ரோபோ இல்லை, கோடி ரூபாய் இயந்திரம் இல்லை. எடை மிஷினும் அளவுகோலும் கடிகாரமும் விரலில் மாட்டும் சின்னக் கருவியும்தான் இருக்கின்றன.

அந்தச் சின்னக் கருவியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

கொரோனா காலத்தில் அது நம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகளைப் பாய்ச்சுகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை அதிகம் விட்டுவிடும், அகச்சிவப்பை உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் இதற்கு நேர்மாறு. மறுபக்கம் வந்து சேரும் ஒளியை அளந்தால் கணக்கு கிடைத்துவிடும். ஆனால் தோலும் எலும்பும் சதையும்கூட ஒளியை உறிஞ்சுமே? 1974இல் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டகுவோ அயோயாகி அதற்கு வழி கண்டார். நாடி துடிக்கும்போது கூடிக் குறைவது தமனி ரத்தம் மட்டும்தான். அசையாத பகுதியைத் தள்ளிவிட்டு, துடிப்போடு மாறுகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. உலகமே இந்தக் கருவிக்கு அலைந்த 2020ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் அவர் மறைந்தார்.

இரண்டு ஒளிகளின் விகிதத்திலிருந்து 94, 96 என்ற எண் தானாக வந்துவிடாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் சொல்லி, அவர்களுடைய ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, இந்த விகிதத்துக்கு இந்த எண் என்று ஓர் அட்டவணை போடுகிறார்கள். அந்த அட்டவணைதான் கருவிக்குள் இருக்கிறது. அந்தத் தன்னார்வலர்கள் யார்? அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் தந்த வழிகாட்டுதலின்படி, குறைந்தது 10 பேர் போதும். அவர்களில் கறுத்த தோல் உள்ளவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம் இருந்தால் சரி. வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைத்தான் நம் விரல்கள் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்தச் சட்டை எங்கே பிடிக்கிறது என்பது 2020 டிசம்பரில் தெரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோல் கறுத்திருந்தால் கருவி உண்மையைவிடக் கூட்டிச் சொல்லக்கூடும் என்று அன்றைக்கு உலகமே பேசியது. அந்த ஒழுங்குமுறை அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட புதிய வரைவில் குறைந்தது 150 பேரை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். குன்னம் பக்கம் மக்காச்சோளக் காட்டில் களையெடுக்கிறவரின் விரல், செந்துறைப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிறவரின் விரல், கல்குவாரியில் சம்மட்டி பிடிக்கிறவரின் விரல், சிமென்ட் கலவையில் ஊறி வெடித்த கொத்தனாரின் விரல். வெயிலில் கறுத்தவை, காய்ப்புக் காய்த்தவை. திருவிழாவுக்கு வைத்த மருதாணி நகத்தில் மிச்சம் இருப்பவை. காசநோய் முற்றி உடம்பு மெலிந்தவருக்கு விரல் நுனி சில்லிட்டு, நாடியே மங்கலாக இருக்கும். இப்படிப்பட்ட விரலில் மாட்டிய கருவி 95 என்று சொன்னால் அது 95தானா? உண்மையில் 92 ஆக இருந்தால்? விதிப்படி 94க்குக் கீழே போனால்தான் அவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியவர். கருவி இரண்டு, மூன்று புள்ளி கூட்டிச் சொன்னால் அவரைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

திட்டத்தை வகுத்தவர்கள் கருவி ஒன்றையே நம்பிவிடவில்லை. அதனால்தான் மூச்சை எண்ணுவதும், எழுந்து நிற்கச் சொல்வதும் கூடவே இருக்கின்றன. ஒன்று தவறவிட்டாலும் இன்னொன்று பிடித்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு. நல்ல பொறியியல் அது. ஆனாலும் நம் விரல்களில் அந்தக் கருவி எவ்வளவு சரியாகப் பேசுகிறது என்று நாமே சோதித்துப் பார்ப்பதுதான் முறை. அதைச் செய்ய வேண்டியவர்கள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பெரம்பலூரில் தனலட்சுமி சீனிவாசன், ரோவர் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. மருத்துவம், பொறியியல், செவிலியர் படிப்பு என்று எல்லாம் உண்டு. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. படிக்கிற பிள்ளைகளில் பலர் இதே கிராமங்களிலிருந்து வருகிறவர்கள், இதே விரல்களைப் பிடித்து வளர்ந்தவர்கள்.

ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றதும் என்ன நடக்கிறது? பலர் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய்ப் பணம் கட்டி வாங்கிவிடுகிறார்கள். சொந்தமாகச் செய்கிறவர்களும் இணையத்தில் கிடைக்கிற தரவை இறக்கிக்கொள்கிறார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் காசநோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்பது பல கல்லூரிகளில் புழங்கும் தலைப்பு. அதற்கு அதிகம் பயன்படுவது இரண்டு படத் தொகுப்புகள்: அமெரிக்காவின் மாண்ட்கோமரி கவுன்டியில் எடுத்த 138 படங்கள், சீனாவின் ஷென்ஜென் நகரில் எடுத்த 662 படங்கள். பழகுவதற்கு அவை நல்லவை. ஆனால் கல்தூசியைப் பல வருடம் சுவாசித்த நுரையீரலின் தழும்பு எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியக்கூடும். கல்குவாரியும் கிரஷரும் உள்ள மாவட்டத்துக்கு அந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் பிரச்சினை. அந்தக் கேள்வியை ஷென்ஜென் படங்களிடம் கேட்டுப் பயனில்லை.

நம்மால் முடியுமா என்று தயங்குகிறவர்களுக்குச் சென்னையின் கதையைச் சொல்கிறேன். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் தந்தால்தான் குணமாகும் என்று அன்றைக்கு உலகம் நம்பியது. நம்மிடம் அத்தனை படுக்கை இல்லை. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று மையம் கேட்டது. நெரிசலான வீடுகளில், போதிய சத்துணவு இல்லாத ஏழைகளுக்கு மருந்து கொடுத்து, சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். குணமானவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றிவிடவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. படுக்கைப் பற்றாக்குறை என்ற உள்ளூர்க் கஷ்டத்தை மறைக்காமல் கேள்வியாக்கியதில்தான் அந்தப் பெருமை பிறந்தது.

அரியலூரிலும் பெரம்பலூரிலும் அப்படி ஆய்வுக்குக் காத்திருக்கும் கஷ்டங்கள் ஏராளம். 2017இல் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் பெரம்பலூர் மாவட்டத்தில் இறந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடிக்கு நடுவே, முதுகில் டேங்கோடு நடக்கிறவரின் முகத்தில் விஷம் படாத மாதிரி ஒரு தெளிப்பானை இங்குள்ள இயந்திரவியல் துறை ஏன் வடிவமைக்கக் கூடாது? சுண்ணாம்புக்கல் லாரி போகிற சாலையோர வீடுகளில் தூசியை அளக்கும் மலிவான கருவியை ஏன் பொருத்தக் கூடாது?

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டாம். ஆக்சிமீட்டரிலிருந்து தொடங்கலாம். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு வேறு காரணத்துக்காகத் தமனி ரத்தப் பரிசோதனை எப்படியும் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் விரலில் கருவி காட்டிய எண்ணையும் குறித்துக்கொண்டால் போதும். நோயாளிக்குக் கூடுதலாக ஓர் ஊசி கிடையாது. தோலின் நிறம், காய்ப்பு, மருதாணி, விரலின் சூடு ஆகியவற்றையும் எழுத வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளியிடமோ உறவினரிடமோ விஷயத்தைத் தமிழில் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலையை மின்னணுவியல் மாணவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். சேர்ந்த எண்களைக் கணினித் துறை அலசட்டும். கருவி நம் விரல்களில் சரியாகவே பேசுகிறது என்று முடிவு வந்தாலும் அது நல்ல முடிவுதான். ஊழியர்கள் நம்பிக்கையோடு அந்த எண்ணைப் பார்க்கலாம். தவறு இருக்கிறது என்று தெரிந்தால், 94 என்ற கோட்டை 95க்கோ 96க்கோ தள்ளுவதைப் பற்றித் திட்டத்தை நடத்துகிறவர்கள் யோசிக்கலாம். அப்படி ஒரு புள்ளியைத் தள்ளுவதில் சிலருடைய உயிர் இருக்கிறது.

ஆகவே இரண்டு மாவட்டங்களின் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் இறுதியாண்டுத் தலைப்புகளை முடிவு செய்வதற்கு முன்னால், மாணவர்களை மாவட்டக் காசநோய் மையத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். அங்கே வேலை பார்க்கும் ஊழியர்களிடம், உங்களுக்கு எந்த எண்ணில் சந்தேகம் வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையே தலைப்பாக வையுங்கள். ஆய்வு முடிந்ததும் முதல் பிரதியை அவர்களுக்கே கொடுங்கள். மாநாட்டுக்கு அனுப்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.